ரயில் நின்ற பிறகு வரும் பதில்கள்

2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 15-ஆம் தேதி, சிங்கப்பூரில் காரியாலயங்கள் கலைந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்திப் பொழுதில், பீஷானுக்கும் மரினா பேக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. அவற்றுள் ஒன்று சிட்டி ஹாலுக்கும் தோபி காட்டுக்கும் நடுவே, சுரங்கத்துக்குள்ளேயே நின்றது; விளக்கு அணைந்து காற்றோட்டமும் நின்றுபோகவே, உள்ளே புழுங்கித் தவித்தவர்களில் ஒருவர் தீயணைப்புக் கருவியை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கும்படி ஆயிற்று.

ஏறக்குறைய அதே வேளையில், அந்த ரயில்களை நடத்திய எஸ்எம்ஆர்டி நிறுவனத்திலிருந்து அதன் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஒரு செய்தி போயிற்று. இன்ன நிலையத்திலிருந்து இன்ன நிலையம் வரை ரயில் சேவை முடங்கியிருக்கிறது என்று தெரிவித்த அந்தச் செய்தி, இதை வருமானம் ஈட்டுவதற்கு வாய்த்த ஒரு சந்தர்ப்பம் என்று வர்ணித்துத் தொடங்கியது. ரயிலும் டாக்சியும் ஒரே நிறுவனத்தின் வசம் இருந்தமையால், ஒரு கையால் இறக்கிவிட்டவனை மறு கையால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளும் விசித்திரம் அன்று நேர்ந்தது. செய்தி இணையத்தில் பரவி ஊர் கொதித்தது; நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அதைத் தட்டச்சு செய்தவர் இரக்கமற்றவர் என்று நான் நினைக்கவில்லை. அடைமழை நாளில் டாக்சிக்குக் கிராக்கி ஏறும்போது அனுப்பும் வாசகம் எதுவோ அதையே பழக்கதோஷத்தால் அனுப்பியிருக்கவும் கூடும். இருட்டுக்குள் நிற்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன சொல்வது என்று முன்னதாக யாரும் யோசித்து வைத்திராத ஓர் இடத்தில், வாய்க்கு வழக்கமான பேச்சுத்தானே முதலில் வரும்?

ரயில் தாமதத்துக்கு ஒரு நிர்வாகம் சொல்லும் பதில் பலவகைப்பட்டது. வண்டிக்குள் நிற்பவனுக்கு ஒன்று, அவன் வேலை பார்க்கும் முதலாளிக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று ஆளுக்கு ஏற்றாற்போல் அது ரூபம் மாறும். ஆனால் இவை யாவும் ரயில் நின்ற பிறகு வருபவை. மெய்யான பதில், அதற்கு வெகு காலம் முன்பே, ஊர் உறங்கும் நேரத்தில், பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிடுகிறது என்பதே, இந்த ஊர் ரயில் விவகாரங்களை நெடுநாளாகக் கவனித்து வந்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். அதை இந்தப் பதிவில் சற்று விஸ்தாரமாகவே சொல்லிப் பார்க்கிறேன். அவசரமாயிருப்பவர்கள் பிற்பாடு சாவகாசமாக வந்து படிக்கலாம்.

முதலில் நடைமேடையில் கிடைக்கும் பதில்களைப் பார்த்துவிடுவோம். ரயிலில் கோளாறு, பிரயாணத்துக்குப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகலாம் என்ற அறிவிப்பு வரும். நிலைமை மோசமானால், பாதிக்கப்பட்ட நிலையங்களுக்கு அருகே குறிப்பிட்ட பஸ் நிறுத்தங்களில் காசில்லாமல் பஸ் ஏறலாம் என்பார்கள். அதற்கும் மேலே போனால், நிலையத்துக்கு நிலையம் ஜனங்களைச் சுமந்து செல்ல இணைப்புப் பஸ்கள் வரும். வேலைக்கோ பள்ளிக்கோ தாமதமாகப் போகிறவர், ‘ரயில் தடங்கலால் வந்த தாமதம் இது’ என்று காட்டுவதற்கு ஒரு சீட்டும் பெற்றுக்கொள்ளலாம். சென்னையிலிருந்து வந்திருந்த என் உறவினர் ஒருவர் இந்தச் சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ரயில் தாமதம் என்று சொன்னால் ஊரில் எந்த அதிகாரியும் சீட்டுக் கேட்கமாட்டார், சரியான நேரத்துக்கு வந்தது என்று சொன்னால்தான் அத்தாட்சி கேட்பார் என்பது அவர் கட்சி.

இந்த முதல் வரிசைப் பதில்களில் நிர்வாகத்துக்கு உண்மையாகவே கௌரவம் தேடித் தருபவர்கள் நிலையத்து ஊழியர்கள். ஒரு தடங்கலின்போது, நிலைய வாசலில் ஒலிபெருக்கியும் கையுமாக நின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கவனித்தேன். நாற்புறமும் கேள்விகள். ஆங்கிலத்தில் ஒருவருக்கு, மலாயில் ஒருவருக்கு, அரைகுறை மாண்டரினில் இன்னொருவருக்கு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் காய்கறிப் பை மாட்டியிருந்த ஒரு முதிய மாது அவர் சட்டையைத் தொட்டு, “தம்பி, தேக்காவுக்குப் போகணும், எந்த பஸ்ஸுப்பா?” என்றார். “ஆன்ட்டி, அந்தா நிக்குது பாருங்க, அதுல ஏறிக்குங்க. கார்டு தட்ட வேணாம், இன்னிக்குக் காசு இல்ல” என்று தமிழில் பதில் வந்தது. மாதுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. “காசு இல்லையா? அப்புறம் ஃபைன் போடமாட்டாங்களே?” என்று இன்னொரு முறை கேட்டார். இளைஞர் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மாதுவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், பஸ் ஓட்டுநரிடம் சொல்லி, ஏற்றிவிட்டு வந்தார். தண்டவாளத்தில் எது எங்கே அறுந்தது என்பது அந்த இளைஞருக்கும் தெரிந்திருக்காது. தெரிவிக்க வேண்டியவர்கள் அவருக்குத் தெரிவித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனாலும் வசவு முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது.

2011-க்குத் திரும்புவோம். 15-ஆம் தேதித் தடங்கலின் ஆத்திரம் அடங்குவதற்குள், 17-ஆம் தேதி காலை அதே வடக்கு–தெற்குப் பாதையில் மறுபடியும் ரயில் நின்றது. முதல் நாள் 1,27,000 பேரும் இரண்டாம் முறை 94,000 பேரும் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. ரயிலுக்கு மின்சாரம் தருவது தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளம். அதைத் தாங்கிப் பிடிக்கும் கவ்விகள் அதிர்வினால் கழன்று விழுந்ததால் அது தொய்ந்து, மின்சாரத்தை வாங்கும் ரயிலின் உறுப்புகளைச் சேதப்படுத்தியது என்பது தெரியவந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. முன்பொரு சமயம் இப்படிக் கவ்விகள் கழன்றபோது, அவற்றைக் கட்டி வைக்க பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு நாம் வீட்டில் வைத்திருக்கிறோமே, அந்த ஜாதி. லட்சக்கணக்கானவர்கள் நாள்தோறும் நம்பி ஏறும் ரயிலின் மின்சாரத்துக்கு அந்தப் பட்டை ஒரு தாங்குதலா என்று ஊர் வியந்தது நியாயந்தான். என்னுடைய வியப்பு வேறு விதமானது. பட்டை கட்டிய தொழிலாளிக்கு, கவ்வி கழலுகிறது என்று தெரிந்திருக்கிறது. அவருடைய மேலாளருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்த விஷயம் ஏணியில் மேலே ஏற ஏற எங்கே, எந்தப் படியில் தங்கிவிட்டது?

நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சோ பைக் ஹுவா 2012 ஜனவரியில் பதவி விலகினார். சில்லறை வியாபாரத் துறையிலிருந்து வந்தவர் அவர். நிலையங்களில் கடைகள் பெருகிய அளவுக்குத் தண்டவாளத்தின்மேல் சிரத்தை பெருகவில்லை என்ற விமர்சனம் அவர்மேல் பலமாக எழுந்தது. அந்த விமர்சனத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்திடம் லாபத்தை எதிர்பார்த்தவர்கள் எல்லோருக்கும் சேர வேண்டியது. நிலப் போக்குவரத்து ஆணையம் அபராதம் விதித்தது: ஒரு தடங்கலுக்கு ஒரு மில்லியன் வீதம் 2 மில்லியன் வெள்ளி. அப்போதைய சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அவ்வளவுதான். நிறுவனத்தின் ஆண்டு லாபமோ நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல்.

அபராதம் போதவில்லை என்று பட்டதால், 2014-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரு பாதையின் ஆண்டுக் கட்டண வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம் என்று ஆக்கினார்கள். மறு வருஷமே அதற்கு வேலை வந்தது. 2015 ஜூலை 7-ஆம் தேதி மாலை வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு ஆகிய இரு பாதைகளும் ஒருசேர முடங்கி, 4,13,000 பேரைத் தெருவில் நிறுத்தின. காரணம், தஞ்சோங் பகார் பக்கத்துச் சுரங்கத்தில் நீர் கசிந்து மூன்றாவது தண்டவாளத்தின் மின்காப்பான் ஒன்றின்மேல் சொட்டியதுதான். அபராதம் 5.4 மில்லியன் வெள்ளி.

பிறகு நடந்ததுதான் எனக்கு வேடிக்கையாகப் படுவது. 2016-இல் ரயில்களையும் தண்டவாளத்தையும் சமிக்ஞைகளையும் அரசாங்கமே ஏறத்தாழ ஒரு பில்லியன் வெள்ளி கொடுத்து நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. நிறுவனத்தின் மிச்சப் பங்குகளை, அரசாங்கத்துக்குச் சொந்தமான தெமாசெக் வாங்கிக்கொண்டு, அதைப் பங்குச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. கெட்ட யோசனை என்று நான் சொல்லமாட்டேன். காலாண்டுக்கு ஒருமுறை லாபக் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவஸ்தையிலிருந்து தண்டவாளம் விடுபட்டது நல்லதே. ஆனால் அதற்குப் பிறகு விதிக்கப்படும் அபராதத்தை நினைத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் ஆணையம், அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு கம்பெனிக்கு அபராதம் விதிக்கிறது. அந்தப் பணம், வசதி குறைந்த குடும்பங்களுக்குப் போக்குவரத்து உதவி தரும் பொதுநிதிக்குப் போகிறது. போய்ச் சேருமிடம் நல்ல இடம், ஆட்சேபம் இல்லை. ஆனால் வலது பையிலிருந்து இடது பைக்குப் பணம் மாறுவதால் கவ்வி இறுகுமா என்பது வேறு கேள்வி. அபராதம் ஊருக்குச் சொல்லும் சமாதானம். தண்டவாளத்துக்கு அது காது கேளாத பாஷை.

அதற்கு அத்தாட்சிபோல 2017 வந்தது. அக்டோபர் 7-ஆம் தேதி பெய்த கனமழையில், பீஷான் அருகே சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மழைநீரைச் சேர்த்து இறைத்து வெளியேற்ற அங்கே குழியும் இறைப்பான்களும் உண்டு. தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை விசை தூண்டி அவை தாமாகவே ஓட வேண்டும். ஓடவில்லை. அங் மோ கியோவுக்கும் நியூட்டனுக்கும் இடையே ஏறத்தாழ இருபது மணி நேரம் சேவை இல்லை. விசாரித்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய இறைப்பான் பராமரிப்பு, 2016 டிசம்பர் முதலே செய்யப்படாமல், செய்யப்பட்டதாகப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் விழுந்துகொண்டிருந்தது புலப்பட்டது. அப்போதைய தலைமை நிர்வாகி டெஸ்மண்ட் குவெக், நிறுவனத்துக்குள் ஆழமாக வேரோடிய பழக்கவழக்கங்களில் குறை இருக்கிறது என்றார், ஊழியர்கள் சிலர் வேலையிழந்தனர், 1.9 மில்லியன் வெள்ளி அபராதம்.

இந்தச் சம்பவத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கையெழுத்திட்டவர் சோம்பேறி என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் கடைசி ரயில் போவதற்கும் முதல் ரயில் கிளம்புவதற்கும் இடையே கிடைப்பது சுமார் மூன்றரை மணி நேரம்; அதில் மின்சாரத்தை நிறுத்தி, ஆட்கள் இறங்கி, கருவிகளை இறக்கி, வேலை முடித்து, ஒரு திருகாணிகூடப் பாதையில் விட்டுவராமல் எண்ணிப் பார்த்து, மறுபடி மின்சாரம் கொடுத்தாக வேண்டும். அந்த ஆண்டுகளில் மரச் சிலிப்பர் கட்டைகளுக்குப் பதில் கான்கிரீட் கட்டைகள் போடுவது, மூன்றாவது தண்டவாளத்தை மாற்றுவது, புதிய சமிக்ஞை முறையைப் பொருத்துவது என்று பெரிய காரியங்கள் அனைத்தும் அந்த மூன்றரை மணி நேரத்துக்காகவே போட்டியிட்டன. பீஷான் குழியில் கையெழுத்து மட்டும் போட்டதற்கு இது மன்னிப்பாகாது. ஆனால் எத்தனை மாதம் ஒரு குழு குழிக்குள் இறங்கவே இல்லை என்பதை மேலே இருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு, கீழே இருப்பவரை வேலைநீக்கம் செய்வது எப்படிப் பதிலாகும்?

அதற்குச் சில வருஷங்கள் கழித்து நடந்தது 2024 செப்டம்பர் 25-ஆம் தேதி விவகாரம். கிழக்கு–மேற்குப் பாதையில் கோளாறுற்ற ஒரு ரயிலைப் பிரயாணிகளை இறக்கிவிட்டு உலு பாண்டான் பணிமனைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். டோவர் பக்கத்தில் அதன் அச்சுப்பெட்டி, அதாவது சக்கர அச்சின் முனையைத் தாங்கும் உறுப்பு, கழன்று விழுந்தது. சக்கரங்கள் தண்டவாளத்தைவிட்டு இறங்கி, இழுபட்டுக்கொண்டே போய், 2.55 கிலோமீட்டர் பாதையைச் சிதைத்துவிட்டன. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே மாத இறுதிவரை ரயில் இல்லை. மறுநாள் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு முழு நேரமும் தரப்படும் என்று கல்வித் துறையினர் அறிவித்த பிறகுதான் பெற்றோருக்கு மூச்சு வந்தது. அந்த ஆறு நாளும் இரவு பகல் பாராமல் தண்டவாளத்தை அறுத்து மாற்றியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இலவசப் பஸ்கள் முறையாக ஓடின. செய்திகளும் நேரத்துக்கு நேரம் வந்தன. 2011-இன் அந்த டாக்சிச் செய்தியோடு ஒப்பிட்டால், நிர்வாகம் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் 2025-இல் வெளிவந்த விசாரணை முடிவுகளைப் படித்தபோது, பழைய கதையே புதிய உடுப்பில் வந்து நின்றது. அந்த ரயில், 1987-இல் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதன்முதலாக ரயில் ஓடிய காலத்து முதல் தலைமுறை வண்டி. இத்தகைய வண்டிகளை 5,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும் என்பது விதி. அவற்றுக்கு மாற்றாக வரவேண்டிய புதிய ரயில்கள் கொரோனாக் காலத்தில் தாமதப்படவே, அந்த இடைவெளி படிப்படியாக 7,50,000 கிலோமீட்டர் வரை நீட்டப்பட்டது. நீட்டுவதற்கு முன் போதிய பொறியியல் ஆய்வு நடக்கவில்லை என்று ஆணையம் குறை கண்டது. சம்பந்தப்பட்ட ரயில், கடைசியாகப் பிரித்துப் பார்த்த பிறகு, 6,90,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

அன்று காலை அச்சுப்பெட்டியின் சூட்டை அளக்கும் பாதையோரக் கருவி 118 பாகை செல்சியஸ் என்று காட்டியது. காட்டியது எந்த ரயிலின் சூட்டை என்பதைக் கருவியால் அடையாளம் காண முடியவில்லை; ஆகவே அது கருவியின் பிழை என்று எண்ணி, பார்த்தவர் விட்டுவிட்டார். எச்சரிக்கை வரவேண்டிய நேரத்தில் வந்தது. எந்த ரயிலிலிருந்து வந்தது என்ற விலாசம் மட்டும் இல்லாமல் வந்தது. அபராதம் முதலில் 3 மில்லியன் என்றார்கள். பிறகு நிறுவனத்தின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து 2.4 மில்லியனாகக் குறைத்தார்கள்.

இடையே ஒரு புள்ளிவிவர விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாமதம் உண்டாக்கும் கோளாறு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்பதைக் கொண்டுதான் இங்கே ரயிலின் நம்பகத்தன்மையை அளக்கிறார்கள். 2015-இல் அது 1,33,000 கிலோமீட்டர்; சில வருஷங்களில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. உலகத் தரத்தில் வைத்துப் போற்றத்தக்க முன்னேற்றம் இது. கட்டைகளையும் சமிக்ஞைகளையும் மாற்றிய உழைப்புக்குக் கிடைத்த கூலி. எனினும் இந்த அளவுகோலில் ஆறு நிமிஷத் தாமதமும் ஒரு கோளாறு, ஆறு நாள் அடைப்பும் ஒரு கோளாறு. பத்து லட்சம் கிலோமீட்டர் என்று அறிக்கையில் பார்த்துப் பெருமிதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு வண்டியின் அச்சில் மசகு கெட்டுக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணுக்கு அது தெரியாது.

ஆகவேதான், பிரயாணிகள் அதிகம் முணுமுணுக்கும் ஒரு பதிலை நான் ஆதரிக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாதையை மூடும் பழக்கத்தைச் சொல்கிறேன். 2017 இறுதியிலிருந்து, வார இறுதிகளில் ரயிலைச் சீக்கிரம் நிறுத்துவதும் காலையில் தாமதமாகத் தொடங்குவதும், சில ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் சில நிலையங்களை அடைப்பதும் நடந்து வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் பிடோக்கிற்கும் தெம்பனீசுக்கும் இடையே பத்து நாள் ரயிலை நிறுத்தி, புதிய பணிமனைக்குப் பாதை இணைத்தார்கள். முன்னதாகவே அறிவித்திருந்ததால், கஷ்டம் இருந்தும் கலவரம் இல்லை. அந்தச் சமயம் எங்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளக் காப்பிக்கடையில், “இவங்க வசதிக்கு நாம பஸ்ல அலையணுமா?” என்று ஒரு நண்பர் சினந்தார். அந்த அலைச்சல் அவருக்கு இரட்டிப்பு நேரம் பிடித்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்காத வேலையை அதற்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதைப் பீஷான் குழி சொல்லிவிட்டது. வேலைக்கு நேரம் கொடுக்காத ஊர், கையெழுத்தைத்தான் வாங்கிக்கொள்ளும்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்பேன். அடுத்த ஐந்து வருஷத்தில் ரயில் நம்பகத்தன்மைக்காக ஒரு பில்லியன் வெள்ளி வரை கூடுதலாகச் செலவிடப்போவதாக அரசாங்கம் 2024 இறுதியில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் இதற்கென ஒரு பணிக்குழுவும் அமைந்தது. அந்தப் பணத்தில் மிகச் சொற்பச் செலவில் ஒரு காரியம் செய்யலாம். கோளாறுகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று வெளியிடும் அந்தப் பெருமைக்குரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ரயிலும் கடைசியாகப் பிரித்துப் பார்க்கப்பட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, விதித்த எல்லையைத் தாண்டியவை எத்தனை, எல்லையை நீட்டியிருந்தால் யார் கையெழுத்தில், எந்த ஆய்வின்பேரில் நீட்டினார்கள் என்பதையும் போடட்டும். ஜனங்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் ஆட்சேபிக்கக்கூடும். ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தெரியாமலேயே ஏறி வேலைக்குப் போய் வந்தவர்கள்தாமே நாம். தெரிந்து ஏறுவதில் புதிதாக என்ன பீதி வந்துவிடப் போகிறது?